மூன்றாவது விளையாட்டு: ஜி.சி.எஸ்.இ. உடற்கல்வியா, ஸ்போர்ட் ஸ்டடீஸா?

இங்கிலாந்தில் ஒன்பதாம் ஆண்டில் படிக்கும் பிள்ளைகளில் பலர், அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கான பாடங்களைத் தெரிவுசெய்யும் படிவத்தை மாசி, பங்குனி மாதங்களில் வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். எங்கள் மகள் அந்தப் படிவத்தோடு வந்தபோது வரலாறா புவியியலா, பிரெஞ்சா ஸ்பானியமா என்பதெல்லாம் ஒரே மாலையில் முடிந்துவிட்டன. விளையாட்டை ஒரு பாடமாகப் படிப்பதென்று அவள் முன்பே முடிவெடுத்திருந்தாள். அதை எந்த வடிவில் படிப்பது என்ற கேள்விதான் எங்களை இரண்டு கிழமைகள் அலைக்கழித்தது. அவளுடைய பள்ளியில் இரண்டு வழிகள் இருந்தன: ஏ.கியூ.ஏ. என்ற பரீட்சைச் சபை நடத்தும் ஜி.சி.எஸ்.இ. (பதினாறு வயதில் எழுதும் பொதுப் பரீட்சை) உடற்கல்வி; ஓ.சி.ஆர். என்ற இன்னொரு சபை நடத்தும், தொழில்சார்ந்த கேம்பிரிட்ஜ் நேஷனல் வகைப் பாடமான ஸ்போர்ட் ஸ்டடீஸ். நாங்கள் இரண்டாவதைத் தெரிவுசெய்தோம். அவள் இப்போது பதினோராம் ஆண்டில் இருக்கிறாள். ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்தே இருக்கும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒரு குழப்பத்தைத் தொடக்கத்திலேயே நீக்குவது நல்லது. தேசியப் பாடத்திட்டத்தின்படி உடற்கல்வி பதினாறு வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் கட்டாயம். கிழமைதோறும் மைதானத்துக்குச் செல்லும் அந்தப் பாடவேளைக்குப் பரீட்சையும் இல்லை, தரமும் இல்லை. நான் இங்கே பேசுவது அதற்கு மேலதிகமாகத் தெரிவுசெய்யப்படும், சான்றிதழ் தரும் பாடத்தைப் பற்றி. “விளையாட்டுத்தானே, எப்படியும் பள்ளியில் விளையாடுகிறாளே” என்று எங்கள் உறவினர் சிலர் கேட்டதற்கு இந்த வேறுபாடு தெரியாததே காரணம்.

பொதுவானவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டு பாடங்களும் ஏறத்தாழ ஒரே அளவு பாடவேளையைக் கேட்பவை. ஜி.சி.எஸ்.இ.யில் 9 முதல் 1 வரை தரம் வழங்கப்படும். கேம்பிரிட்ஜ் நேஷனலில் முதல் நிலைச் சித்தியிலிருந்து இரண்டாம் நிலை அதிவிசேட சித்தி வரை தரங்கள் உண்டு. இரண்டாம் நிலைச் சித்தி ஜி.சி.எஸ்.இ. 4ஆம் தரத்துக்கு இணையாகவும், அதியுயர் தரம் 8.5க்கு இணையாகவும் பள்ளிகளின் பெறுபேற்றுக் கணக்கில் கொள்ளப்படுகின்றன. எனவே இரண்டாவது பாடம் படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்குரியது என்று பெற்றோர் சிலரிடையே உலவும் பேச்சுக்கு நான் மதிப்பளிப்பதில்லை.

ஜி.சி.எஸ்.இ. உடற்கல்வியில் 60 சதவீதம் எழுத்துப் பரீட்சை; 40 சதவீதம் செய்முறை. ஒன்றேகால் மணி நேரம் கொண்ட இரண்டு வினாத்தாள்களில் முதலாவது எலும்புத் தொகுதி, தசைகள், இதயமும் சுவாசமும், நெம்புகோல்கள், பயிற்சி முறைகள் ஆகியவற்றைக் கேட்கும். இரண்டாவது விளையாட்டு உளவியல், சமூகத் தாக்கங்கள், உணவும் உடல்நலமும் ஆகியவற்றைக் கேட்கும். செய்முறையில் மாணவர் மூன்று விளையாட்டுகளை ஆடிக்காட்ட வேண்டும்: ஒன்று குழு விளையாட்டு, ஒன்று தனிநபர் விளையாட்டு, மூன்றாவது இரண்டில் ஏதாவதொன்று. ஒவ்வொன்றுக்கும் 25 புள்ளிகள். தன் ஆட்டத்தையோ இன்னொருவரின் ஆட்டத்தையோ ஆராய்ந்து, அதை மேம்படுத்தும் வழியை எழுதுவதற்கு மேலும் 25. அதாவது ஒவ்வொரு விளையாட்டும் முழுப் பாடத்தில் 10 சதவீதம்.

ஸ்போர்ட் ஸ்டடீஸில் எழுத்துப் பரீட்சை ஒன்றே. அதன் பங்கு 40 சதவீதம். விளையாட்டில் மக்கள் பங்கேற்பதற்குத் தடையாக இருப்பவை, பெரும் போட்டிகளை நடத்தும் நகரங்களுக்கு ஏற்படும் நன்மை தீமைகள், தேசிய விளையாட்டு அமைப்புகளின் பணி, ஊக்கமருந்து, தொழில்நுட்பம் என அது சமூகத்தின் பக்கம் நிற்கிறது. இன்னொரு 40 சதவீதம், பாடத்தின் இதயம் என்று நான் கருதும் ஆர்185 என்ற அலகு: விளையாட்டில் ஆற்றுகையும் தலைமைத்துவமும். மீதி 20 சதவீதத்துக்கு ஊடகமும் விளையாட்டும் அல்லது வெளிப்புறச் சாகசச் செயற்பாடுகள் என்ற இரண்டில் ஒன்று.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது மூன்றாவது விளையாட்டு. பெற்றோர் பலர் இதைப் பத்தாம் ஆண்டின் நடுவில்தான் உணர்கிறார்கள் என்பதால் சற்று விரித்துச் சொல்கிறேன்.

விளையாட்டில் ஆர்வமுள்ள பிள்ளைக்குப் பெரும்பாலும் ஒரு விளையாட்டு இருக்கும், சிலருக்கு இரண்டு. மூன்று விளையாட்டுகளில், அதுவும் குழு, தனிநபர் என்ற பிரிவுக்குப் பொருந்தும் வகையில், உயர்ந்த புள்ளி பெறக்கூடிய பிள்ளைகள் குறைவு. எங்கள் மகள் வலைப்பந்தாட்டத்தில் (நெட்பால்) பள்ளி அணியில் ஆடுபவள்; பூப்பந்தாட்டம் (பேட்மின்டன்) ஓரளவு வரும். ஏழு வயதிலிருந்து அவள் அதிக நேரம் செலவிட்டது கராத்தேயில். ஆனால் ஜி.சி.எஸ்.இ.க்கு ஏற்கப்படும் விளையாட்டுகளின் பட்டியலைக் கல்வி அமைச்சு வகுத்திருக்கிறது. எந்தப் பரீட்சைச் சபையானாலும் அதே பட்டியல்தான். அதில் குத்துச்சண்டை இருக்கிறது, கராத்தே இல்லை. கபடியும் இல்லை. பூப்பந்தாட்டம் ஒற்றையர் தனிநபர் விளையாட்டாகவும் இரட்டையர் குழு விளையாட்டாகவும் இடம்பெற்றிருந்தாலும், இரண்டையும் சேர்த்து ஒருவர் காட்ட முடியாது. நடனம் இரண்டு பிரிவுகளிலும் உண்டு. பரதநாட்டியம் பயிலும் பிள்ளையின் பெற்றோர், அது எவ்வாறு மதிப்பிடப்படும் என்பதைப் படிவத்தில் கையொப்பமிடுவதற்கு முன்பே உடற்கல்வி ஆசிரியரிடம் எழுத்தில் கேட்டுப் பெறுவது நல்லது.

மூன்றாவது விளையாட்டு இல்லாதபோது என்ன நடக்கிறது என்பதை எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் பார்த்தோம். பிள்ளை உதைபந்தாட்டத்தில் மிகச் சிறந்தவன். ஓட்டத்திலும் நல்ல புள்ளி. மூன்றாவதற்காகப் பத்தாம் ஆண்டில் மேசைப்பந்து பழகத் தொடங்கினான். மாலை வகுப்புக் கட்டணம், சனிக்கிழமைப் பயணம், பள்ளிக்கு வெளியே ஆடுவதால் ஒளிப்பதிவுச் சான்று சேர்க்க வேண்டிய வேலை ஆகிய எல்லாவற்றையும் அந்தப் பெற்றோர் ஒன்றரை ஆண்டு சுமந்தார்கள். ஏழெட்டு ஆண்டுகள் ஆடிய பிள்ளைகளோடு ஒரே அளவுகோலில் மதிப்பிடப்பட்டபோது அவனுக்குக் கிடைத்தது நடுத்தரப் புள்ளிதான். 25 புள்ளிகளில் 10 தனித்தனித் திறன்களுக்கும் 15 முழு ஆட்டத்துக்கும் ஒதுக்கப்படுவதால், ஒரு பருவத்துப் பழக்கத்தால் திறன்களைத் தேற்றினாலும் ஆட்டத்தில் குறை பிடிபட்டுவிடுகிறது. இதற்கிடையில் காயம் ஏற்பட்டால் நிலைமை இன்னும் கடினம்; வெளி மதிப்பீட்டாளர் வரும் நாளில் முழங்கால் ஒத்துழைக்க வேண்டும்.

இதைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று இருக்கிறது. 2016இல் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டத்தில், ஜி.சி.எஸ்.இ. மாணவர் ஆடுபவராக மட்டுமே மதிப்பிடப்படுகிறார். பயிற்றுநராகவோ நடுவராகவோ அணியை நடத்துபவராகவோ அவர் காட்டும் திறனுக்குச் செய்முறையில் புள்ளி இல்லை. அடுத்த கட்டமான உயர்தர நிலையில் (ஏ லெவல்) பயிற்றுநர் என்ற தெரிவு மீண்டும் வருகிறது. பதினாறு வயதுக்கு முன் அது இல்லை. எங்கள் மகளின் பலம் முழுவதும் அங்கேதான் இருந்தது. தமிழ்ப் பள்ளியின் கோடைகால விளையாட்டுப் போட்டியில் சிறு பிள்ளைகளை வரிசைப்படுத்தி, அஞ்சலோட்டக் கோலை எப்படி மாற்றுவது என்று சொல்லிக்கொடுத்து, தோற்று அழுபவனை மடியில் வைத்திருப்பவள் அவள். அந்தப் பிள்ளைக்கு அந்தத் திறன் எண்ணப்படாத பாடத்தைக் கொடுப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

இங்கே என் சொந்த நினைவும் கலந்திருக்கிறது. யாழ்ப்பாணத்தில் நான் படித்த காலத்தில், பள்ளி மாணவரை இல்லங்கள் என்ற அணிகளாகப் பிரித்து நடத்தும் இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கு முந்திய ஒரு மாதம் முழுவதையும் என் இல்லத்தின் தலைவியாக நான் கழித்தேன்: யார் எந்த ஓட்டத்தில், யார் உயரம் பாய்தலில், அணிநடைக்கு யார் முன்னே என்று பிரிப்பதும், இல்லத்தை அலங்கரிக்கப் பனையோலை சேர்ப்பதும் என் பொறுப்பு. வலைப்பந்தாட்டம் எங்கள் பெண்பிள்ளைகளின் விளையாட்டாகவே இருந்தது. 2018இல் இலங்கை ஆசிய வெற்றிக்கிண்ணத்தை வென்றபோது தர்ஜினி சிவலிங்கத்தின் ஒவ்வொரு கோலுக்கும் எங்கள் லண்டன் வீட்டில் கைதட்டினோம். ஆனால் அந்த ஒரு மாத உழைப்பு எந்தப் புள்ளித்தாளிலும் ஏறியதில்லை. என் மகளுக்கு ஏறியிருக்கிறது.

ஆர்185 அலகில் மாணவர் இரண்டு விளையாட்டுகளில் தன் ஆற்றுகையைக் காட்டுகிறார், மூன்றாவது தேவையில்லை. பின்னர் தன் குறையொன்றைக் கண்டு, அதைத் திருத்தும் பயிற்சி முறைகளைப் பயன்படுத்துகிறார். அதன்பின் ஒரு விளையாட்டு அமர்வைத் திட்டமிட்டு, உண்மையான குழு ஒன்றுக்கு நடத்தி, தான் நடத்தியதைத் தானே மதிப்பிட்டு எழுதுகிறார். பணிகளை ஓ.சி.ஆர். வகுக்கிறது; ஆசிரியர் புள்ளியிடுகிறார்; அதை ஓ.சி.ஆர். சரிபார்க்கிறது.

எங்கள் மகளின் பள்ளி, அருகிலுள்ள ஆரம்பப் பள்ளியின் ஐந்தாம் ஆண்டு வகுப்பை இதற்காக அழைத்திருந்தது. அவள் தயாரித்த திட்டத்தைப் பார்த்தபோதுதான் இந்த அலகின் ஆழம் எனக்குப் புரிந்தது. மைதானத்தின் வழுக்கும் மூலை, மூச்சுத்திணறல் உள்ள பிள்ளையின் மருந்துக் குழல் யாரிடம் இருக்கும், காதணிகளைக் கழற்றச் சொல்வது என ஆபத்துகளின் மதிப்பீடு ஒரு பக்கம். உடல் சூடேற்றல், மார்பு உயரத்தில் பந்து கொடுத்தல், பந்தோடு காலைப் பெயர்க்கக் கூடாது என்ற விதியை விளங்கவைக்கும் சிறு ஆட்டம், இறுதியில் ஒரு சிறு போட்டி என நிமிடக் கணக்கோடு இன்னொரு பக்கம். குழுவுக்கேற்ப அமர்வை மாற்ற, இங்கே பயிற்றுநர்கள் ‘ஸ்டெப்’ என்ற ஒரு வழியைக் கையாளுகிறார்கள்: இடம், பணி, உபகரணம், ஆட்கள் ஆகிய நான்கில் ஏதாவதொன்றை மாற்றிப் பார்ப்பது அது. அன்று மூன்று வினாடிகளுக்குள் பந்தை விட வேண்டும் என்ற விதியால் சில பிள்ளைகள் பதற்றப்பட்டபோது, அவள் வினாடிகளைக் கூட்டி, பந்தையும் சிறியதாக மாற்றினாள். ஆசிரியரின் அவதானக் குறிப்பில் அந்த மாற்றம் தனியாகக் குறிப்பிடப்பட்டிருந்தது. பின்னர் தன் மதிப்பீட்டில், விளக்கம் சொல்லவே அதிக நேரம் எடுத்துக்கொண்டேன், பிள்ளைகள் நின்றுகொண்டே குளிர்ந்துவிட்டார்கள் என்று அவளே எழுதியிருந்தாள்.

எழுத்து வேலை அதிகம் என்பதையும் மறைக்கக் கூடாது. பரீட்சைச் சுமை குறைகிறதே என்று எண்ணி வரும் பிள்ளை, பள்ளியில் ஆசிரியரின் மேற்பார்வையில் பக்கம் பக்கமாக எழுத வேண்டியிருப்பதைக் கண்டு சலிப்படையக்கூடும். கடைசி நேரத்தில் படித்துப் பரீட்சையில் ஏறிவிடும் இயல்புள்ள பிள்ளைக்கு ஜி.சி.எஸ்.இ. ஏற்றது; மாதந்தோறும் சீராக வேலையை முடிக்கும் பிள்ளைக்கு ஸ்போர்ட் ஸ்டடீஸ்.

ஜி.சி.எஸ்.இ. தெளிவாக மேலோங்கும் இடம் உடலமைப்பியலும் உடற்றொழிலியலும்தான். ஏ லெவல் உடற்கல்வியைப் படிக்க விரும்பும் பிள்ளைக்கு முதல் வினாத்தாளில் கற்றது நேரடி அத்திவாரம். அந்த நிலையிலும் 70 சதவீதம் எழுத்துப் பரீட்சையே. ஸ்போர்ட் ஸ்டடீஸில் அந்தப் பகுதி மெலிந்திருக்கிறது. இயன்மருத்துவம் (பிசியோதெரபி) படிக்கும் எண்ணமுள்ள பிள்ளைக்கு உயிரியல் எப்படியும் தேவை என்பதால் அந்த இடைவெளி ஓரளவு நிரம்பலாம் என்பது என் கணிப்பு. ஒரே பிள்ளையின் இரண்டு ஆண்டுகளை மட்டும் வைத்துப் பேசுகிறேன். அவளுடைய இறுதித் தரமும் ஆகஸ்டில்தான் வரும். மூன்று விளையாட்டுகளில் உறுதியாக நிற்கும் பிள்ளையென்றால் நானும் ஜி.சி.எஸ்.இ.யையே சொல்லியிருப்பேன்.

விளையாட்டுத் தலைவர்களுக்கான தனிச் சான்றிதழ் ஒன்றைப் பல பள்ளிகள் கட்டாய உடற்கல்விப் பாடவேளையிலேயே வழங்குகின்றன. அதற்கு எழுத்துப் பரீட்சை இல்லை. தெரிவுப் பாடமொன்றின் இடத்தையும் அது பிடிக்காது என்பதால், கணினியோ இசையோ விட்டுக்கொடுக்க மனமில்லாத பிள்ளைக்கு இது நல்ல வழி. ஜி.சி.எஸ்.இ. படிக்கும் பிள்ளையும் இதைச் சேர்த்துச் செய்தால், அங்கே எண்ணப்படாத தலைமைத்துவத்துக்கு ஒரு சான்றாவது கையில் இருக்கும். எனினும் இதைப் பாடத்துக்கு மாற்றாக நான் கொள்ளமாட்டேன். ஆறாம் படிவ (ஏ லெவல் படிக்கும் இரண்டு ஆண்டுகள்) அனுமதிக்கு எண்ணப்படும் தரம் இதில் கிடைப்பதில்லை.

பாடத்தெரிவு மாலைக்குச் செல்லும் பெற்றோர், பிள்ளையின் மூன்று விளையாட்டுகளையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு செல்லுங்கள். மூன்றாவது வரி எழுதப்படாமல் இருந்தால், அதை எதனால் நிரப்பலாம், அதற்கான பயிற்சி பள்ளி நேரத்தில் கிடைக்குமா, வெளியே பெற வேண்டியிருந்தால் ஒளிப்பதிவு யாருடைய பொறுப்பு என்று ஆசிரியரிடம் கேளுங்கள். ஸ்போர்ட் ஸ்டடீஸ் என்றால், தலைமைத்துவ அமர்வைச் சக மாணவரிடமா சிறு பிள்ளைகளிடமா நடத்தச் செய்கிறார்கள் என்று கேளுங்கள். தன் வகுப்புத் தோழிகளை நடத்துவதற்கும், முன்பின் அறியாத ஒன்பது வயதுப் பிள்ளைகள் முப்பது பேரின் முன் ஊதுகுழலோடு நிற்பதற்கும் இடையிலுள்ள தூரத்தை எங்கள் மகள் அந்த ஒரு காலையில் கடந்தாள்.