கடற்காற்றில் ஒரு காடைக் கூண்டு: இரண்டரை ஆண்டு அனுபவம்

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் நான் முதன்முதலாகக் கட்டிய காடைக் கூண்டின் கிழக்குப் பக்க வலையைச் சென்ற வாரம் முழுவதுமாகக் கழற்றி மாற்றினேன். அதைப் பார்த்துவிட்டுப் போன திருவொற்றியூர் நண்பர், தம் வீட்டிலும் அதே அளவில் ஒன்று கட்டலாமா என்று கேட்டிருக்கிறார்.

கூண்டு ஆறடி நீளம், இரண்டரை அடி அகலம், உட்புறம் ஒன்றேகால் அடி உயரம். வளர்த்தவை 12 ஜப்பானியக் காடைகள், அவற்றில் 3 சேவல். உயரத்தை வேண்டுமென்றே குறைத்தேன். மிரண்ட காடை நேர் மேலே எகிறும். எம்பிப் பறக்க மூன்றடி கிடைத்தால் அந்த வேகத்திலேயே மண்டையை மோதிக்கொள்ளும். கூரையின் உட்புறம் பழைய வேட்டி ஒன்றைத் தொய்வாகக் கட்டியிருப்பதால், தெருவே அதிரும் தீபாவளி இரவுகளில்கூட ஒரு பறவைக்கும் தலையில் காயம் பட்டதில்லை.

எதிர்பாராத மகிழ்ச்சி, மணலும் விறகுச் சாம்பலும் சலித்துக் கலந்து வைத்த தொட்டிதான். மாலையில் அதை உள்ளே வைத்ததும் ஒரு பெட்டை இறங்கி ஒருக்களித்துப் படுத்து, ஒரு சிறகை விரித்து, காலால் மணலை வாரி இறகுக்குள் போட்டுக்கொண்டு, கண்களைப் பாதி மூடிக் கிடக்கும். அது எழுந்து உதறுவதற்குள் இன்னும் இரண்டு அதன் மேலேயே வந்து விழும். அலுவலகம் விட்டு வந்து அதைப் பார்த்துக்கொண்டு நின்ற நேரத்தை நான் ஒருநாளும் வீணாக நினைத்ததில்லை.

இனி வலைக்கு வருகிறேன். சாதாரணக் கோழிவலை பெருச்சாளியின் பல்லுக்குத் தாங்காது என்பதால், அரை அங்குலக் கண் கொண்ட ஜி.ஐ. வெல்டு மெஷ், அதாவது துருப்பிடிக்காதிருக்கத் துத்தநாகப் பூச்சுள்ள இரும்புக் கம்பி வலை, வாங்கினேன். வெல்டு செய்த பிறகு துத்தநாகம் பூசிய வலை என்று கடையில் சொன்னார்கள். உண்மையில் அது முன்பே பூசிய கம்பியைப் பிறகு வெல்டு செய்த வலை. வெல்டு வைக்கும் சூட்டில் இணைப்பு தோறும் பூச்சு எரிந்துவிடும். உப்புக்காற்றுக்கு அந்த இடமே போதும். முதல் ஆண்டிலேயே கம்பிகள் குறுக்கிடும் புள்ளியெல்லாம் பழுப்பேறியது. இரண்டாவது மழைக்காலம் முடிந்தபோது கட்டைவிரலால் அழுத்தினால் கம்பி விட்டுப்போனது. ஆண்டுதோறும் இணைப்புகளுக்கு வண்ணம் அடிக்கும்படி கடைக்காரர் சொன்னது உண்மை. நான் ஒருமுறைதான் அடித்தேன் என்பதும் உண்மை. ஆனாலும் ஒன்றை இன்னொன்றாகச் சொல்லி விற்றதை என்னால் மன்னிக்க முடியவில்லை. சென்ற மாதம் ஒரு விடியற்காலையில் பெருச்சாளி அந்தப் பக்கத்து மூலையைப் பிரித்து உள்ளே புகுந்து ஒரு பெட்டையைக் கொண்டுபோய்விட்டது. ஒவ்வொரு காடையின் முட்டையிலும் புள்ளிகள் அதற்கே உரிய விதமாக அமையும். பெரிய கரும்திட்டுகளுடன் வந்துகொண்டிருந்த முட்டை அன்றிலிருந்து வருவதில்லை.

கிழக்கை அடைத்துவிட்டால் ஆயிற்றே என்று நண்பர் கேட்பார். அக்னி நட்சத்திரத்தில் பறவைகள் அலகைத் திறந்து மூச்சு வாங்கும்போது, ஈரக் கோணியைக் கடந்து வரும் கடற்காற்று ஒன்றே அவற்றைக் காப்பாற்றுகிறது. உப்பும் வடகிழக்குப் பருவமழையின் சாரலும் வருவதும் அதே பக்கம்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பின்கட்டில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. மூன்றடி இரும்புத் தாங்கியும் சுருட்டி இறக்கும் தார்ப்பாயும் கூண்டைக் காத்தன. வடிவமைப்பில் நான் மாற்ற விரும்புவது எதுவுமில்லை.

இப்போது கிழக்குப் பக்கத்துக்கு மட்டும் 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வலை போட்டிருக்கிறேன்; சட்டத்தின் இரும்போடு நேரடியாக ஒட்டாதபடி இடையில் சைக்கிள் ட்யூபை வெட்டி வைத்தேன், இல்லாவிட்டால் உப்பு ஈரத்தில் இரும்பு இன்னும் விரைவாக அரிக்கும். விலை பல மடங்கு.

இத்தனை நல்லதைச் சொன்ன பிறகும் நண்பருக்கு என் பதில், கட்ட வேண்டாம் என்பதே. அவர் வீடு என் வீட்டைவிடக் கடலுக்கு அருகில் இருக்கிறது. நான்கு பக்கமும் ஸ்டெயின்லெஸ் வாங்கப் பணம் சேரும்வரை குஞ்சுக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம். என் கூண்டின் மற்ற மூன்று பக்கங்களில் இன்னும் பழைய வலைதான் இருக்கிறது. தினமும் இருட்டுவதற்கு முன் ஒவ்வோர் இணைப்பையும் விரலால் அழுத்திப் பார்த்த பிறகே கதவைச் சாத்துகிறேன்.