பழைய டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டுக்கு எந்த ஆயில், எவ்வளவு?

படகின் பின்புறம் மாட்டும் அவுட்போர்டு மோட்டார், அதிலும் பழைய டூ-ஸ்ட்ரோக் வைத்திருந்து அதற்கு ஆயில் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் மினரலா (கச்சா எண்ணெயிலிருந்து வடித்தது) சிந்தெட்டிக்கா (செயற்கையாகத் தயாரித்தது) என்ற கேள்வியோடுதான் கடைக்குள் நுழைகிறார்கள். என் கணக்கில் அது மூன்றாவதாக வரவேண்டிய கேள்வி. டப்பாவில் அச்சிட்டிருக்கும் தர முத்திரை என்ன, மோட்டாரின் உள்ளே கிராங்க்கை, அதாவது பிஸ்டன் சுழற்றும் தண்டைத் தாங்குவது நீடில் பேரிங்கா (ஊசி போன்ற மெல்லிய உருளைகள் கொண்டது) வெண்கலப் புஷ்ஷா (வழுவழுப்பான வளையம்) என்ற இரண்டுக்கும் விடை தெரிந்தபின் மற்றதை நிதானமாக முடிவு செய்துகொள்ளலாம்.

கடை அலமாரியில் இரண்டு வகை டூ-டி (டூ-ஸ்ட்ரோக்) ஆயில்கள் அருகருகே நிற்கும். ஒன்று டிசி-டபிள்யூ3 முத்திரை பெற்றது; நீரால் குளிரும் டூ-ஸ்ட்ரோக் எந்திரங்களுக்காக என்எம்எம்ஏ எனப்படும் அமெரிக்கப் படகுத் தொழில் சங்கம் வகுத்த தரம் அது. மற்றொன்று ஜேசோ எஃப்சி, எஃப்டி (ஜப்பானியத் தரங்கள்) அல்லது ஏபிஐ டிசி (அமெரிக்கத் தரம்) என்று குறித்திருப்பது. மோட்டார் சைக்கிள், மரம் அறுக்கும் ரம்பம் போன்ற காற்றால் குளிரும் எந்திரங்களுக்கு உரியது. எஃப்டி உயர்ந்த தரம்தானே, அவுட்போர்டுக்கும் நல்லதாகத்தானே இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். காற்றால் குளிரும் எந்திரத்தில் பிஸ்டன் மிகுந்த சூட்டில் ஓடுவதால், அங்கே கரியைக் கழுவ கால்சியம் போன்ற உலோகம் கலந்த சேர்மானங்களை இடுகிறார்கள்; அவை எரிந்தபின் சாம்பலை விட்டுச்செல்கின்றன. அவுட்போர்டைச் சுற்றிக் குளிர்ந்த நீர் ஓடிக்கொண்டே இருப்பதால் அதன் சிலிண்டர் அவ்வளவு சூடேறுவதில்லை. அந்தச் சாம்பல் பிஸ்டன் தலையிலும் ஸ்பார்க் பிளக்கிலும் தங்கிவிடுகிறது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் இரு முனைகளுக்கும் நடுவே மயிரிழை போல் ஒரு சாம்பல் பாலம் நிற்பதைச் சில வேளைகளில் காணலாம். பிஸ்டன் தலையில் படிந்தது கங்காகி, தீப்பொறி விழுமுன்பே பெட்ரோலைப் பற்றவைத்தால், பிஸ்டனில் ஓட்டையே விழக்கூடும். டிசி-டபிள்யூ3 ஆயில் சாம்பல் விடாத நைட்ரஜன் சேர்மானங்களைக் கொண்டு கழுவுகிறது. துருப்பிடிப்பைத் தடுக்கிறதா, கடுங்குளிரிலும் பெட்ரோலோடு கலக்கிறதா என்றும் அதற்குச் சோதனை உண்டு. மாற்றிப் போட்டாலும் கேடுதான்: மரம் அறுக்கும் ரம்பத்தின் சூட்டை டிசி-டபிள்யூ3 ஆயில் தாங்காமல் பிஸ்டன் ரிங்குகள் ஒட்டிக்கொள்ளும்.

கார்களுக்கான ஃபோர்-ஸ்ட்ரோக் ஆயிலை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவே வேண்டியதில்லை. அது எரிந்து தீரும்படி செய்யப்பட்டதன்று.

மினரலுக்கும் சிந்தெட்டிக்குக்கும் உள்ள வேறுபாடு உண்மையானதுதான், ஆனால் சிறியது. சிந்தெட்டிக் புகையைக் குறைக்கும், வெளியேற்றும் வழியில் கரியையும் குறைக்கும். மெதுவாக ஓட்டி மீன் பிடிப்பவர்களுக்கு அது பெரிய நிம்மதி. இரண்டிலும் ஒரே டிசி-டபிள்யூ3 முத்திரை இருக்குமானால், பழைய மோட்டாருக்கு நான் மினரலையோ பாதி சிந்தெட்டிக்கையோதான் வாங்குவேன். சிந்தெட்டிக் ஊற்றுகிறோம், அதனால் அளவைக் குறைத்துக்கொள்ளலாம் என்ற துணிச்சலை மட்டும் ஏற்கமாட்டேன்.

அந்த அளவுதான் இந்தப் பேச்சின் கரு. டூ-ஸ்ட்ரோக்கில் கிராங்க் அறைக்குத் தனி ஆயில் தொட்டி கிடையாது. பெட்ரோலோடு வரும் ஆயில்தான் பேரிங்கை நனைத்துவிட்டு மேலே சென்று எரிகிறது. நீடில் பேரிங் உருளுவதால் அதற்குச் சிறிது ஈரமே போதும். புஷ்ஷில் உலோகத்தின் மேல் உலோகம் வழுக்குவதால் தடித்த ஆயில் படலம் வேண்டும். ஜான்சன், எவின்ரூட் மோட்டார்களில் பெரும்பாலானவை 1964 வாக்கில் 24:1-லிருந்து (24 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில்) 50:1-க்கு மாறின. அதற்கு முந்தைய புஷ் மோட்டாருக்கு இன்றைய ஆயில் எவ்வளவு சிறந்ததானாலும் 24:1 அளவையே கொடுக்கவேண்டும். பழைய பிரிட்டிஷ் சீகல் மோட்டார்கள் 10:1 கூடக் கேட்டவை. 100:1 என்று எழுதிய மோட்டார்களும் 1980களில் வந்தன. என் கையில் அப்படி ஒன்று வந்தால் 50:1-தான் கலப்பேன். ஆயில் கூடினால் அதே அளவுக்குப் பெட்ரோல் குறைந்து கலவை மெலியும் என்பது சரிதான், ஆனால் அந்த வேறுபாடு ஓரிரு விழுக்காடுதான். கூடுதல் ஆயிலால் பிளக் கறுக்கும், புகை வரும். குறைந்த ஆயிலால் கிராங்க் போகும். கையேடு தொலைந்துபோன, உள்ளே என்ன பேரிங் என்று தெரியாத மோட்டாருக்கு 25:1-ல் தொடங்குவதே விவேகம்.

பழைய கையேடுகளில் ஒரு பொறி இருக்கிறது. "6 கேலனுக்கு 1 பைன்ட்" என்றால் 48:1. ஆனால் 473 மில்லி அமெரிக்க பைன்ட்டை 4.546 லிட்டர் பிரிட்டிஷ் கேலனோடு சேர்த்துவிட்டால் அது ஏறக்குறைய 58:1 ஆகிவிடும். லிட்டர் கணக்கில் குழப்பமே இல்லை: 50:1-க்கு லிட்டருக்கு 20 மில்லி, 25:1-க்கு 40 மில்லி.

தானாக ஆயில் கலக்கும் பம்ப் உள்ள மோட்டாரா, கையால் கலப்பதா என்ற போட்டியில் முதலாவது வசதியானது, வேகத்துக்கேற்ப ஆயிலையும் மிச்சப்படுத்துகிறது. ஆனால் நாள்பட்ட ரப்பர் குழாய் வெடித்தால், எச்சரிக்கை மணியும் செத்திருந்தால், சேதம் முற்றிய பிறகுதான் தெரியவரும். பம்ப்பைத் துண்டித்துவிட்டுக் கையால் 50:1 கலப்பவர்கள் பலர். எனக்கும் அதுவே பிடிக்கிறது.

கலக்கும்போது டாங்க்கைப் படகிலிருந்து இறக்கித் தரையில் வையுங்கள்; பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானதால் படகின் அடியில் தேங்கும். 20 லிட்டர் கலவைக்கு முதலில் 5 லிட்டர் பெட்ரோல், அதன்மேல் 400 மில்லி ஆயில், மூடி இறுக்கிக் குலுக்கல், பிறகு மீதிப் பெட்ரோல் என்பதே முறை. வெறும் டாங்க்கில் முதலில் ஆயிலை ஊற்றினால் அது அடியில் ஒட்டி நிற்கும். உறிஞ்சு குழாயும் அடியில்தான் இருப்பதால் மோட்டார் முதலில் ஆயிலைக் குடித்துத் திணறும், பின்னர் ஆயில் போதாமல் ஓடும். ஆயிலில் நீலமோ பச்சையோ சாயம் இட்டிருப்பார்கள். கலவையில் சிறிதைக் கண்ணாடிப் புட்டியில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தால், இழை இழையாகத் தெரியாமல் ஒரே நிறமாக இருக்கவேண்டும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நீர் மிகுந்தால் அது எத்தனாலோடு பிரிந்து அடியில் இறங்கிவிடும், அந்த அடுக்கில் ஆயில் இருக்காது. ஆகவே ஒரு மாதத்துக்குள் தீரும் அளவே கலப்பது நல்லது.

50:1 மோட்டாரும் 25:1 மோட்டாரும் ஒருசேர வைத்திருப்பவர், டாங்க்குகள் மாறிவிடாதபடி 25:1 கலவையை மட்டும் கேனில் வைத்துக்கொள்ளலாம். 50:1 தேவைப்படும்போது அதனோடு அதே அளவு வெறும் பெட்ரோல் சேர்த்தால் போதும்.