எம்.எஸ்சி. உளவியல்: முனைவர் பட்டக் கனவோடு சேருவோருக்கு ஒரு மதிப்பீடு

கோவையை அடுத்த தனியார் கல்லூரி ஒன்றில் எம்.எஸ்சி. உளவியல் முடித்துவிட்டு, இப்போது முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பித்து வருகிறேன். ஆலோசகராகப் பணியாற்ற விரும்புவோருக்கு அந்தப் படிப்பைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். வகுப்புகள் ஒழுங்காக நடந்தன. ஆய்வுக்கூடத்தில், அம்புமுனைகளால் சம நீளக் கோடுகளும் வெவ்வேறு நீளமாகத் தோன்றும் முல்லர்-லையர் பலகையின் கோட்டை நாங்களே நகர்த்தி, கண் செய்த பிழையை மில்லிமீட்டர் கணக்கில் குறித்த பிற்பகல்கள் இன்றும் நினைவில் நிற்கின்றன.

ஆய்வாளராக விரும்புவோருக்கு அங்கே கிடைப்பது போதாது. புள்ளியியலுக்கு முதல் பருவத்தில் ஒரே ஒரு தாள். இறுதிப் பருவத்தில் ஒரு வழிகாட்டியிடம் பதினான்கு மாணவர்கள். திருப்பூர் பனியன் கம்பெனித் தொழிலாளர்களின் பணிச்சுமை குறித்து ஆய்வு செய்த நான், ஆங்கில வினாப்படிவத்தை நானே தமிழாக்கி எடுத்துச் சென்றேன். மூன்றாவது கேள்வியில் பேனாவைக் கீழே வைத்த தையல்காரர் ஒருவர், "உளச்சோர்வுன்னா என்னங்க கண்ணு, மனசு பாரமா இருக்குதான்னு கேக்கறீங்களா?" என்றார். ஒருவர் தமிழாக்கியதை, மூலத்தைப் பார்க்காத வேறொருவர் மீண்டும் ஆங்கிலமாக்கி, இரண்டையும் ஒப்பிட்ட பின்னரே களத்துக்குப் போக வேண்டும் என்பதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதற்குள் நிரப்பி வாங்கியிருந்த நாற்பது படிவங்களையும் ஒதுக்கிவிட்டு, மறுபடி தொடங்கினேன்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகளின்படி, முதுகலையில் 55 விழுக்காடு பெற்றவர் முனைவர் பட்டத்துக்குத் தகுதி பெறுகிறார். இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு இதில் 5 விழுக்காடு தளர்வு உண்டு. ஆனால் அந்தத் தகுதி வாசல் வரைதான் கொண்டுபோய் விடும். இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைக்காமல், 2024 முதல் நெட் எனும் தேசியத் தகுதித் தேர்வின் மதிப்பெண்ணைக் கொண்டு சேருவோருக்கு, அந்தத் தேர்வுக்கு 70, நேர்காணலுக்கு 30 விழுக்காடு என்று பிரித்திருக்கிறார்கள். அந்த நேர்காணலில் முதுகலை ஆய்வேட்டைப் பற்றித்தான் என்னைத் துருவித் துருவிக் கேட்டார்கள். வேலைக்குப் போய்க்கொண்டே அஞ்சல்வழியில் உளவியல் படிக்கலாம் என்று எண்ணுவோரும் கவனிக்க வேண்டும்: 2025 கல்வியாண்டு முதல் தொலைநிலைக் கல்வியில் உளவியலுக்குப் புதிய சேர்க்கை கூடாது என்று அக்குழு அறிவித்துள்ளது.

ஆகவே கட்டணம் கட்டுமுன் நூலகத்தில் சென்ற ஆண்டு ஆய்வேடுகள் நான்கைந்தைக் கேட்டு வாங்கி, ஆய்வுமுறை இயலை மட்டுமாவது படியுங்கள். எத்தனை பேரிடம் தரவு திரட்டினார்கள், வினாப்படிவத்தை யார் தமிழாக்கிச் சரிபார்த்தார்கள் என்று பாருங்கள். ஆய்வேடுகளைக் காட்டத் தயங்கும் கல்லூரியில் ஆய்வுக் கனவோடு சேர வேண்டாம்.