சின்ன பிலிமா, ஓ.பி.ஜி.யா, த்ரீ-டி ஸ்கேனா: பல்லுக்கு எது போதும்?

போன மாதம் கோத்தகிரிக்குப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். விரல் நுனியெல்லாம் கொழுந்து பறித்த கறை. மேல் கடைவாய்ப்பல்லைத் தொட்டுக் காட்டி, "இதுதான் கண்ணு, இத பிடுங்கிருங்க, நாளைக்கு வேலைக்குப் போகணும்" என்றார். டாக்டர் லைட் அடித்துக் கண்ணாடி வைத்துப் பார்த்தார். அந்தப் பல்லில் ஒன்றும் இல்லை. மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு சின்ன எக்ஸ்ரே எடுத்தோம். மேல் பல்லின் வேர் சுத்தமாக இருந்தது. கீழே, இரண்டு கடைவாய்ப்பற்கள் ஒட்டி நிற்கும் இடுக்கில் ஒரு கருநிழல், அதாவது சொத்தை, நரம்பு வரை இறங்கியிருந்தது. கீழ்ப்பல்லின் வலி மேல் பல்லில் தெரிவது அடிக்கடி நடப்பதுதான். எக்ஸ்ரே இல்லாமல் பிடுங்கியிருந்தால் நல்ல பல் போயிருக்கும், வலி போயிருக்காது.

பல் கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்துக் கொடுப்பது என் வேலை. தினமும் என்னிடம் வரும் கேள்விகள் இரண்டு: இது அவசியமா, ரேடியேஷன் ஆகாதில்லையா? இரண்டுக்கும் பதில், எந்த எக்ஸ்ரே என்பதைப் பொறுத்தது.

சின்ன பிலிம் என்று எல்லோரும் சொல்வது இப்போது பெரும்பாலும் பிலிமே இல்லை. ஒயர் வைத்த ஒரு சென்சாரை வாய்க்குள் வைத்து எடுப்பது, ஆர்.வி.ஜி. என்போம். படம் உடனே கம்ப்யூட்டரில் வந்துவிடும். இரண்டு மூன்று பற்கள்தான் தெரியும், ஆனால் தெரிவது துல்லியமாகத் தெரியும்: இடுக்குச் சொத்தை, வேர் நுனியில் சீழ், பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு எவ்வளவு கரைந்திருக்கிறது என்பது. ரூட் கேனால் செய்யும்போது வேரின் நீளம் பார்க்கவும் இதுதான் வேண்டும். குறைகளும் உண்டு. சென்சார் ஈறில் குத்தும், சிலருக்குக் குமட்டும். பல்லில் விட்ட மெல்லிய விரிசல் பல நேரம் இதில் சிக்காது.

ஓ.பி.ஜி. வேறு மாதிரி. மோவாயைத் தாங்கியில் வைத்து, ஒரு சின்னக் குச்சியைக் கடித்தபடி அசையாமல் நிற்க வேண்டும். கருவி தலையைச் சுற்றி வரும். ஒரே படத்தில் இரண்டு தாடையும், எல்லாப் பற்களும், வெளியே வராமல் படுத்துக் கிடக்கும் ஞானப்பல்லும் தெரியும். பிள்ளைக்குக் கிளிப் போடுவதற்கு முன், விழுந்து தாடையில் அடிபட்டால், பல பற்களை எடுத்துச் செட்டுப் பல் கட்டுவதற்கு முன் இது நல்லது. ஆனால் இடுக்குச் சொத்தைக்கு ஆர்.வி.ஜி.க்கு ஈடாகாது. முன்பற்கள் மேல் கழுத்தெலும்பின் நிழல் விழுந்து மங்கும். ஒற்றைப் பல் வலிக்கு ஓ.பி.ஜி. எடுத்து வந்தவர்களுக்கு, மறுபடி ஒரு சின்ன படம் எடுக்க வேண்டி வந்ததை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது சி.பி.சி.டி., த்ரீ-டி ஸ்கேன் என்றால் எல்லோருக்கும் புரியும். இம்ப்ளான்ட் (எலும்பில் திருகிப் பொருத்தும் செயற்கைப் பல் வேர்) வைக்கப் போகும் எலும்பின் அகலம், ஞானப்பல்லின் வேர் தாடை நரம்போடு எந்தப் பக்கம் உரசுகிறது, ரூட் கேனால் செய்தும் வலி விடாத பல்லில் விட்டுப்போன வேர்க்குழாய் உண்டா என்பதற்கெல்லாம் இது தேவை. சாதாரணச் சொத்தைக்குத் தேவையே இல்லை. ஏற்கெனவே உலோகக் கேப் போட்டிருந்தால் அதைச் சுற்றிக் கோடு கோடாகச் சிதறிப் படமே கெட்டுவிடும். இதற்காக மேட்டுப்பாளையம் இறங்கி கோயம்புத்தூர் போய் வர ஒரு நாள் கூலி போகும். போவதற்கு முன், "இந்த ஸ்கேன்ல எதப் பாக்கப் போறீங்க டாக்டர்?" என்று கேட்டுவிடுங்கள். காரணம் இருந்தால் அவர் ஒரே வரியில் சொல்லிவிடுவார்.

இப்போது ரேடியேஷன். உடம்பில் ஏறும் கதிரை அளக்கும் மைக்ரோசீவர்ட் என்ற அலகில், ஒரு ஆர்.வி.ஜி. ஒன்றிலிருந்து எட்டுக்குள். ஓ.பி.ஜி. பெரும்பாலும் 25க்குள். த்ரீ-டி ஸ்கேனில் ஒரு சிறு பகுதி மட்டும் என்றால் சில பத்து, முகம் முழுக்க என்றால் சில நூறு. மண், காற்று, வானம், சாப்பாடு எல்லாவற்றிலிருந்தும் ஒரு மனிதருக்கு இயற்கையாகக் கிடைப்பது உலகச் சராசரியில் ஆண்டுக்கு 2,400. அதாவது ஒரு ஆர்.வி.ஜி. நாம் சும்மா இருக்கும் ஒரு நாள் கணக்கு.

நம் நீலகிரி மலைக்கு இதில் தனிக் கணக்கு உண்டு. உயரம் ஏற ஏற வானத்திலிருந்து வரும் காஸ்மிக் கதிர் கூடும், தடுக்க மேலே இருக்கும் காற்று குறைவு என்பதால். ஊட்டியில் 2,200 மீட்டர் உயரத்தில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடம் இந்தக் கதிர்களைத்தான் அளக்கிறது. அந்த உயரத்தில் காஸ்மிக் கதிர் கடலோர ஊரைப் போல இரு மடங்குக்கும் மேல். சீசனுக்குச் சென்னையிலிருந்து வந்து ஒரு வாரம் தங்கிப் போகிறவர், அந்தக் கூடுதலிலேயே ஒரு சின்ன எக்ஸ்ரே அளவு வாங்கிவிடுகிறார். யாரும் பயந்து இறங்கிப் போவதில்லை.

இதைச் சொல்வதால் எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம் என்றாகாது. தேவையில்லாத ஒன்று எவ்வளவு சின்னதானாலும் தேவையில்லாததுதான். குழந்தைகள் விஷயத்தில் நான் கறார். வளரும் உடம்புக்குப் பாதிப்பு அதிகம், அதனால் பல்லைப் பார்க்காமலேயே ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் வழக்கம் கூடாது. எடுக்கும்போது கருவியில் குழந்தைக்கான அளவு வைக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கு அவசரம் என்றால் சின்ன படம் எடுக்கலாம், சீழோடு நாள் கடத்துவதுதான் ஆபத்து. ஆனால் கர்ப்பம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கதிரைத் தடுக்கும் ஈய ஏப்ரன் கட்டவில்லையே என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். 2024ல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கமே, இன்றைய கருவிகளில் ஏப்ரனும் கழுத்துப் பட்டையும் தேவையில்லை என்று சொல்லிவிட்டது. கதிரைப் பல் அளவுக்குக் குறுக்குவதுதான் உண்மையான பாதுகாப்பு. கேட்டால் நாங்கள் கட்டிவிடுகிறோம், அதில் நஷ்டம் இல்லை. கருவி அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தில் பதிவானதா என்று கேட்பது அதைவிட உபயோகமான கேள்வி, தயங்காமல் கேளுங்கள்.

"ஒண்ணும் ஆகாதுன்னா நீ ஏம்மா வெளிய போற?" என்று, படம் எடுக்க நான் அறையை விட்டு நகர்ந்தபோது அந்தத் தோட்டத்து அம்மாவும் கேட்டார். சரியான கேள்விதான். அவருக்கு அன்றைக்கு இரண்டு படம். நான் நாளெல்லாம், வருஷமெல்லாம் எடுக்கிறேன். அதனால்தான் இரண்டு மீட்டர் தள்ளிச் சுவருக்குப் பின்னால் நிற்கிறேன், யார் வாயிலும் சென்சாரைக் கையால் பிடிப்பதில்லை. சொன்னதும் தலையாட்டினார். அப்புறம் ரூட் கேனால் முடிந்து கிளம்பும்போது அவர் மகனின் போனுக்கு இரண்டு படத்தையும் அனுப்பிவிட்டேன். வேறு டாக்டரிடம் போனாலும் முதலில் இதைக் காட்டச் சொல்லியிருக்கிறேன், திரும்ப எடுக்க வேண்டியிருக்காது.