டிஸ்பிளே கார்டு போய்விட்டது என்று சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள்: வைரஸுக்குப் பின் கறுத்த திரையும் பறிபோன பணமும்

என் அக்கா ஒரு சிறிய ஜெராக்ஸ் கடை நடத்துகிறார். நகலெடுப்பதோடு திருமண அழைப்பிதழ், காதுகுத்துப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஆகியவற்றையும் வடிவமைத்துக் கொடுப்பதால், கணினி நின்றால் கடையில் பாதி வேலை நின்றுவிடும். வாடிக்கையாளர் ஒருவர் அச்செடுக்கக் கொண்டுவந்த பென்டிரைவிலிருந்து அந்தக் கணினியில் வைரஸ் புகுந்தது. ஆன்டிவைரஸ் அதைக் கண்டுபிடித்து நீக்கிவிட்டதாகத்தான் அறிவித்தது. ஆனால் அடுத்த முறை கணினியைப் போட்டபோது, கடவுச்சொல் கேட்கும் திரை வழக்கம்போல் வந்தது. கடவுச்சொல்லை அடித்து உள்ளே நுழைந்ததும் திரை முழுவதும் கறுத்து, மவுஸின் அம்புக்குறி மட்டும் அசைந்துகொண்டிருந்தது. ஐகான்களும் இல்லை, டாஸ்க்பாரும் இல்லை.

முகூர்த்த நாட்கள் நெருங்கிய நேரம் என்பதால், அக்கா அருகிலிருந்த கணினிப் பழுதுபார்க்கும் கடையில் சிபியுவைக் கொடுத்துவிட்டு வந்தார். அன்று மாலையே தொலைபேசியில் பதில் வந்தது: "அக்கா, டிஸ்பிளே கார்டு போயிடுச்சு. வைரஸ் உள்ள இருந்த ஃபைலையெல்லாம் அழிச்சிடுச்சு. ரெக்கவரி போட்டாத்தான் எடுக்க முடியும்." புதிய கார்டுக்கு 3,800 ரூபாய், டேட்டா ரெக்கவரிக்கு 3,500 ரூபாய், விண்டோஸ் போடுவதற்கு 1,000 ரூபாய் என்று மொத்தம் 8,300 ரூபாயை வாங்கிக்கொண்டு, கடைப் பெயர்கூட அச்சிடப்படாத ஒரு துண்டுத் தாளில் கையால் எழுதிக் கொடுத்தார்கள். இந்த மூன்று தொகைகளில் ஒன்றுகூட நேர்மையானதல்ல என்பது கணினி வீட்டுக்கு வந்த பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது.

முதலில், திரைக்குப் படத்தை அனுப்பும் பாகமான அந்த டிஸ்பிளே கார்டு. கணினியைப் போட்டதும் நிறுவனத்தின் சின்னம் தெரிந்து, கடவுச்சொல் கேட்கும் திரையும் தெளிவாகத் தெரிந்து, கறுத்த திரையில் மவுஸின் அம்பும் ஒழுங்காக நகர்கிறது என்றால், கார்டும் மானிட்டரும் கேபிளும் தம் வேலையைச் செய்துகொண்டிருக்கின்றன என்றே பெரும்பாலும் கொள்ளலாம். அங்கே வராமல் போனது படம் அல்ல, டெஸ்க்டாப். ஐகான்களையும் டாஸ்க்பாரையும் வரைந்து காட்டுவது எக்ஸ்ப்ளோரர் என்ற நிரல். நாம் உள்ளே நுழைந்ததும் எதை இயக்க வேண்டும் என்பது, விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில், வின்லாகன் என்ற பகுதியில், ஷெல் என்ற பெயரில் எழுதப்பட்டிருக்கும். சில வைரஸ்கள் அந்த இடத்தில் எக்ஸ்ப்ளோரருக்குப் பதிலாகத் தம் பெயரை எழுதிவிடுகின்றன. ஆன்டிவைரஸ் வைரஸின் கோப்பை மட்டும் அழித்துவிட்டு அந்த வரியைத் திருத்தாமல் விட்டால், விண்டோஸ் இல்லாத கோப்பைத் தேடி, எதையும் இயக்க முடியாமல் கறுத்த திரையோடு நின்றுவிடும்.

இதைச் சோதிக்க ஐந்து நிமிடம் போதும். கறுத்த திரையிலேயே கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரைத் திறந்து, புதிய டாஸ்க் இயக்கும் இடத்தில் எக்ஸ்ப்ளோரரின் பெயரை ஆங்கிலத்தில் (explorer.exe) அடித்துப் பாருங்கள். டெஸ்க்டாப் வந்துவிட்டால், கோளாறு மென்பொருளில்தான் இருக்கிறது. டாஸ்க் மேனேஜரையே வைரஸ் முடக்கியிருந்தால், கட்டளைகளை அடிக்கும் கமாண்ட் பிராம்ப்ட் சாளரத்தோடு, அத்தியாவசியமானவற்றை மட்டும் இயக்கும் சேஃப் மோடில் நுழைந்து அதே பெயரை அடிக்கலாம். அந்த முறையில் விண்டோஸ் மேற்சொன்ன ஷெல் வரியை நம்பி இருப்பதில்லை. அதன் பிறகு வைரஸ் எச்சங்களை முழுமையாக நீக்கி, அந்த வரியைத் திருத்துவது தெரிந்தவருக்குச் சிறிய வேலைதான். கணினிக் கடை வைத்திருப்பவருக்கு இது தெரியாது என்று என்னால் நம்ப முடியவில்லை.

அக்கா விடாமல் கேட்டுப் பழைய கார்டைத் திருப்பி வாங்கியிருந்தார். "போய்விட்ட" அந்தக் கார்டை என் மகனின் கணினியில் பொருத்தினோம். எந்தக் குறையும் இல்லாமல் படம் வந்தது. புதியது என்று போட்டுக் கொடுத்த கார்டுக்கோ பெட்டியும் இல்லை, வாரண்டி அட்டையும் இல்லை. அதன் விசிறி இறக்கைகளில் பழைய தூசி அப்பிக் கிடந்தது.

அடுத்தது டேட்டா ரெக்கவரி. பென்டிரைவ் வழியாகப் பரவும் வைரஸ்களில் ஒரு வகை கோப்புறைகளை அழிப்பதில்லை. அவற்றை மறைத்துவிட்டு, அதே பெயரில் ஷார்ட்கட்களை வைத்துவிடும். மறைந்தவற்றை அட்ரிப் (attrib) என்ற ஒரே கட்டளையால் வெளியே கொண்டுவரலாம். அக்காவின் டி டிரைவில் நடந்தது இதுதான். "மீட்கப்பட்ட" கோப்புறைகள் அனைத்தும் பழைய இடத்திலேயே, பழைய பெயர்களோடும் தேதிகளோடும் இருந்தன. மறைக்கப்பட்ட கோப்புகளையும், பாதுகாக்கப்பட்ட சிஸ்டம் கோப்புகளையும் காட்டும்படி அமைத்துப் பார்த்தபோது, அவர்கள் கவனிக்காமல் விட்ட ஒரு கோப்புறை மங்கலான ஐகானோடு அங்கேயே கிடந்தது. அதன் பக்கத்தில், சிறிய அம்புக்குறி போட்ட போலி ஷார்ட்கட்டும் அப்படியே இருந்தது. உண்மையில் அழிந்தவை டெஸ்க்டாப்பில் இருந்த அழைப்பிதழ் வடிவங்கள்தான். அவற்றை அழித்தது வைரஸ் அல்ல, அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் சி டிரைவை ஃபார்மேட் அடித்த அந்தக் கடைக்காரர்.

இவற்றையெல்லாம்விட எனக்குக் கோபத்தை உண்டாக்கியது மூன்றாவது. அக்கா வாங்கியபோதே அந்தக் கணினியில் உரிமத்தோடு விண்டோஸ் இருந்தது. இப்போது செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்தால், உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சேவை மூலம் விண்டோஸ் இயக்கப்பட்டுள்ளது என்ற பொருளில் ஒரு வரி வருகிறது. ஒரு ஜெராக்ஸ் கடைக்கு அப்படிப்பட்ட சேவை எங்கிருந்து வரும்? உரிமம் இல்லாமலேயே விண்டோஸை இயக்கிக் காட்டும் திருட்டு ஆக்டிவேட்டர் போட்டிருக்கிறார்கள். அதை விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டர் பிடித்துவிடக் கூடாது என்பதற்காக, ஒரு கோப்புறையைச் சோதனையிலிருந்து விலக்கியும் வைத்திருக்கிறார்கள். வைரஸை நீக்கச் சொல்லிக் கொடுத்த கணினியில், அடுத்த வைரஸ் நுழையக் கதவைத் திறந்து வைத்துத் திருப்பித் தந்திருக்கிறார்கள்.

கணினியைப் பழுதுபார்க்கக் கொடுப்பவர்கள், கடவுச்சொல் திரை வரை படம் தெரிந்ததா என்பதைக் கைபேசியில் காணொளியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஹார்ட் டிஸ்க், ரேம், கார்டு ஆகியவற்றின் வரிசை எண்களையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். என் அனுமதியின்றி ஃபார்மேட் அடிக்கக் கூடாது என்பதைக் கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பிலாவது எழுதி அனுப்புங்கள். பாகத்தை மாற்றினால், பழையதைக் கேட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். எங்களிடம் இருக்கும் வலுவான சான்று அந்தப் பழைய கார்டுதான்.

முறையான ரசீது தர மறுப்பதே 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நியாயமற்ற வணிக நடைமுறை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதியலாம். அதில் தீரவில்லை என்றால், இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குச் செல்லலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் அங்கே கட்டணமும் கிடையாது. நாங்கள் 1915இல் புகார் கொடுத்துவிட்டோம். துண்டுத் தாள், ஜிபே பரிவர்த்தனை விவரம், ஆக்டிவேஷன் பக்கத்தின் படம், பழைய கார்டு ஆகிய நான்கும் அக்காவின் மேசை இழுப்பறையில் பத்திரமாக இருக்கின்றன. பணம் இன்னும் திரும்பவில்லை. ஆணையத்துக்கான மனுவை அக்கா எழுதத் தொடங்கியிருக்கிறார்.