டிக்கி லீவர் வேலை செய்யலையா? லாக் மாற்றச் சம்மதிக்கும் முன் இதைப் படியுங்கள்

டிரைவர் சீட் பக்கம் தரையோரமாக, பெட்ரோல் மூடி லீவரை ஒட்டி இருக்கும் டிக்கி லீவரை இழுத்தால் திறக்கவில்லை. ஒர்க்‌ஷாப்பில் விட்டால் பெரும்பாலும் மூன்று வரியில் பில் வருகிறது: டிக்கி லாக் அசெம்பிளி, ரிலீஸ் கேபிள், லேபர். இப்படி ஒரு பில் கட்டிய பழைய செடானில் சில வாரங்களிலேயே லீவர் மறுபடி தொளதொளவென்று ஆகிவிட்டது. கதவுப் படியின் பிளாஸ்டிக் பட்டையைக் கழற்றிப் பார்த்தால் கம்பெனி கேபிள் வருடக்கணக்கான புழுதியோடு அப்படியே கிடக்கிறது. லீவர் முனையில் மட்டும் ஒரு கேபிள் டை, அதாவது பிளாஸ்டிக் கட்டுப் பட்டை. அதுவும் வெயிலில் தளர்ந்து நழுவியிருந்தது. மாட்டாத கேபிளுக்கும் பழுதாகாத லாக்குக்கும் காசு வாங்கியிருக்கிறார்கள்.

முதல் கேள்வி இதுதான்: சாவியை விட்டுத் திருகினால் டிக்கி திறக்கிறதா? திறந்தால் லாக்கின் கொக்கி நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். சாவித் துவாரமும் உள்லீவரும் ஒரே கொக்கியைத்தான் இரண்டு வழியில் விடுவிக்கின்றன. ஒரு வழி வேலை செய்து மறுவழி செய்யாவிட்டால், கோளாறு கேபிளிலோ லீவரிலோதான். அந்த நிலையில் "லாக் செட் மாத்தணும் சார், எல்லா கதவுக்கும் இக்னிஷனுக்கும் புதுச் சாவி வரும்" என்று ஒருவர் ஆரம்பித்தால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடலாம். இம்மொபிலைசர் (சாவியிலுள்ள சிப்பை அடையாளம் கண்டால்தான் என்ஜினை ஓடவிடும் கருவி) உள்ள வண்டியில் அது புதுச் சாவியை வண்டியோடு பதியும் கோடிங் வரை இழுத்துக்கொண்டு போகும்.

அடுத்து லீவரை இழுத்துப் பாருங்கள். கையே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும்.

கனமே இல்லாமல் தொங்கினால், கேபிள் நுனியில் இருக்கும் உலோகக் குண்டு கொக்கியிலிருந்து கழன்றிருக்கும். இல்லையேல் உள்கம்பி அறுந்திருக்கும். லேசாகக் கனம் இருந்தும் பின்னால் சத்தம் வரவில்லை என்றால், கேபிளின் வெளியுறை கிளிப்பை விட்டு நழுவியிருக்க வாய்ப்பு அதிகம். உறை அசையாமல் நின்றால்தான் உள்கம்பி இழுபடும். உறையும் சேர்ந்து நகர்ந்தால் இழுவை கொக்கி வரை போய்ச் சேராது. உறையைக் கிளிப்பில் உட்கார வைத்தால் முடிந்தது, கால் மணி நேர வேலை. பின்னால் 'டக்' என்று கேட்டும் மூடி எழவில்லை என்றால் லாக்கும் கேபிளும் சரி. ரப்பர் பீடிங் ஒட்டிக்கொண்டிருக்கும் அல்லது மூடியைத் தூக்கும் ஸ்பிரிங் கம்பி தளர்ந்திருக்கும். ஒருவர் லீவரை இழுத்துப் பிடிக்க, இன்னொருவர் மூடியை ஒருமுறை அமுக்கி விட்டுத் தூக்கினால் திறந்துவிடும். அப்படித் திறந்தால் ஸ்ட்ரைக்கரை (கொக்கி போய் மாட்டும் வளையம்) ஓரிரு மில்லிமீட்டர் நகர்த்த வேண்டியிருக்கலாம். போல்ட்டைத் தளர்த்தும் முன் பழைய இடத்தை மார்க்கரால் சுற்றி வரைந்து வையுங்கள்.

கல் மாதிரி இறுகியிருந்தால் மட்டும் பலம் காட்டாதீர்கள். உறைக்குள் துரு ஏறியிருக்கும், அல்லது கொக்கியில் கிரீஸ் காய்ந்திருக்கும். வலித்து இழுத்தால் பிளாஸ்டிக் லீவர் உடையும். இல்லாத செலவு அங்கே பிறக்கும்.

கொக்கியைச் சோதிக்க, டிக்கி திறந்திருக்கும்போதே ஸ்க்ரூடிரைவரால் அதை அழுத்திப் பூட்டுங்கள். லீவரை ஒருவர் இழுக்கட்டும். கொக்கி துள்ளி விடுபட்டால் எல்லாம் நலம். விடுபடாவிட்டால் கையால் விடுவித்த பிறகே மூடியைச் சாத்த வேண்டும். காய்ந்த கொக்கிக்கு அழுக்கை இளக்கும் ஸ்ப்ரே அடித்துத் துடைத்து, வெள்ளை லித்தியம் கிரீஸ் கொஞ்சம் போதும். என்ஜின் ஆயில் விட்டால் புழுதி ஒட்டி மறுபடி அடைக்கும்.

சில வண்டிகளில் பழுதே இருக்காது. ஹோண்டா அக்கார்டின் சில மாடல்களில் லீவரையே சாவியால் பூட்டலாம். டொயோட்டா கேம்ரியின் சில மாடல்களில் க்ளோவ் பாக்ஸுக்குள் டிக்கியை முடக்கும் மெயின் சுவிட்ச் உண்டு. சாவியை ஊழியரிடம் கொடுத்து வண்டியை நிறுத்தச் சொல்லும் வாலே பார்க்கிங்குக்காக வைத்தது. இதற்கும் லாக் விலை வாங்கிக்கொண்டு சுவிட்சை மட்டும் தட்டிவிடுவார்கள்.

கேபிள் உண்மையிலேயே மாற்றப்பட்டதா என்று கண்டுபிடிப்பது சுலபம். அது லீவரிலிருந்து கதவுப் படிப் பட்டைகளுக்கு அடியில் ஓடி, பின்சீட் ஓரமாக, டிக்கியின் பக்கவாட்டு லைனிங்குக்குள் புகுந்து, மூடியின் கீல் வழியாக லாக்கைத் தொடுகிறது. முன், பின் படிப் பட்டைகள், பின்சீட் குஷன், பக்க லைனிங் எல்லாம் கழன்றே ஆகவேண்டும். "டீ குடிச்சிட்டு வாங்க, முடிஞ்சிடும்" என்பவர் கேபிளை மாற்றவில்லை. பின்சீட்டுக்கு அடியில் பாருங்கள், பழைய தூசி கலையாமல் இருக்கும்.

சுவிட்சில் திறக்கும் டிக்கியில் வேறு தந்திரம். மோட்டார் போய்விட்டது என்பார்கள். மூடியும் பாடியும் சேரும் இடத்தில் ரப்பர் குழாய்க்குள் ஓடும் வயர்கள், திறந்து மூடி வளைந்து வளைந்து உள்ளுக்குள் அறுந்துபோகும். நம்பர் பிளேட் லைட்டும் சேர்ந்து அணைந்து அணைந்து எரிந்தால் முதல் சந்தேகம் அங்கேதான். லாக்கின் கனெக்டரில் மல்டிமீட்டர் வைத்து சுவிட்சை அழுத்தச் சொல்லுங்கள். 12 வோல்ட் வந்தும் அசையாவிட்டால் மோட்டாரைச் சந்தேகிக்கலாம். வராவிட்டால் ஃப்யூஸ், சுவிட்ச், வயர் என்றுதான் தேட வேண்டும். பேட்டரி படுத்திருந்தாலும் திறக்காது. பிஎம்டபிள்யூ 3 சீரிஸ் போன்ற வண்டிகளில் பேட்டரியே டிக்கிக்குள் இருப்பதால் பலர் பதறிப்போய் டிக்கியை உடைக்க விடுகிறார்கள். வேறு பேட்டரியிலிருந்து ஜம்ப் கொடுக்க பானெட்டுக்கு அடியிலேயே முனைகள் இருக்கின்றன.

எதுவுமே ஒத்துவராமல் பூட்டிக்கொண்டாலும் டிரில்லுக்கு வேலையில்லை. பின்சீட் மடங்கும் வண்டியில் அதை மடித்து, டார்ச்சோடு நுழைந்து கொக்கியை நேராகத் தள்ளலாம். மடங்காத சீட்டில் குஷனைத் தூக்கி, சாய்மானத்தின் கீழ் போல்ட்டுகளைக் கழற்றினால் பெரும்பாலும் வழி கிடைக்கும். அமெரிக்காவில் 2001 செப்டம்பர் 1 முதல் தயாரான டிக்கி உள்ள கார்களில், உள்ளே மாட்டிக்கொண்டவர் வெளியே வர ஒரு ரிலீஸ் வசதி கட்டாயம். பெரும்பாலும் இருட்டில் ஒளிரும் கைப்பிடி அது. உங்கள் மாடலிலும் லாக்கின் உட்பக்கம் அப்படி ஏதாவது இருக்கிறதா என்று டிக்கி திறந்திருக்கும்போதே பார்த்து வையுங்கள். வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால் கட்டாயம் பாருங்கள்.

வண்டியை விடும்போதே ஜாப் கார்டில் "கழற்றிய பாகங்களைத் திருப்பித் தரவும்" என்று எழுத வையுங்கள். லாக்கோ கேபிளோ மாற்றியதாகச் சொன்னால் பழையதைக் கையில் வாங்குங்கள். ஜிஎஸ்டி எண்ணும் பார்ட் நம்பரும் இல்லாத பில்லுக்குப் பணம் கட்டாதீர்கள். ஏற்கனவே ஏமாந்திருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. பழைய கேபிள் வண்டியிலேயே கிடக்கும் போட்டோவும், அதற்குப் போட்ட பில்லும் சேர்த்து வைக்கவும்.