மாம்பலத்தை விட்டுக் கூடுவாஞ்சேரிக்கு வந்து ஆறு வருடம்

2019 கோடை நினைவிருக்கிறதா? ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்களே, அந்த வருடம்தான் மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீட்டு போர் வற்றிப்போய், ராத்திரி இரண்டு மணிக்கு லாரிக்காகக் குடத்தோடு நின்று, போதும்டா சாமி என்று தாம்பரத்தைத் தாண்டி செங்கல்பட்டுப் பாதையில் இருக்கும் கூடுவாஞ்சேரிக்கு வந்தோம். அங்கே ஒற்றைப் படுக்கையறைக்குக் கொடுத்தது 14,000. இங்கே 11,000க்கு இரண்டு படுக்கையறை, மொட்டைமாடி, வாசலில் ஒரு முருங்கை மரம்.

தண்ணீர்க் கஷ்டம் அதோடு தீர்ந்தது. போர் தண்ணீர் கொஞ்சம் உப்பு, குடிக்கக் கேன்தான், ஆனால் நிற்காமல் வருகிறது. பதிலுக்கு எங்கள் தெருவில் பாதாளச் சாக்கடை கிடையாது. மழைக்காலத்தில் செப்டிக் டேங்க் சீக்கிரம் நிறைந்துவிடும், லாரியைக் கூப்பிட்டால் ஒரு நடைக்கு 1,500 ரூபாய்.

ஆபீஸ் நுங்கம்பாக்கத்தில். மின்சார ரயிலில் ஒரு மணி நேரம் போல ஆகும், அது பெரிய விஷயமில்லை. சென்னை பீச் ஸ்டேஷனிலிருந்து தாம்பரத்துக்கு வண்டி அடிக்கடி உண்டு, அதைத் தாண்டி செங்கல்பட்டு வரை வருவது குறைவு, அதுதான் விஷயம். சரி, தாம்பரம் வண்டியில் ஏறிப் போய் அங்கே மாறிக்கொள்ளலாமே என்று புதிதாக வருகிற எல்லோரும் ஒரு தடவை முயன்று பார்ப்பார்கள். விட்டுவிட்டு வந்த அதே செங்கல்பட்டு வண்டிதான் பின்னாலேயே வரும், உட்கார இடம் மட்டும் இருக்காது. மாம்பலத்தில் இருந்தபோது கடிகாரம் பார்க்காமல் ஆபீஸை விட்டுக் கிளம்புவேன். இப்போது யார் பேசிக்கொண்டிருந்தாலும் 6.40 ஆனால் என் கால் தானாக வாசல் பக்கம் போகிறது.

ஊருக்குப் போவது சுலபமாகிவிட்டது. எங்களுக்குத் திண்டிவனம் பக்கம். 2023 டிசம்பர் 30ல் எங்களுக்குப் பக்கத்தில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தபிறகு, கோயம்பேட்டை விட்டு இங்கே வந்துதான் பஸ் ஏறவேண்டும் என்று நகரத்துச் சொந்தக்காரர்கள் புலம்புவதில் எனக்கு ஒரு அல்ப சந்தோஷம். பொங்கலுக்கு முந்தின நாள் மட்டும் ஊருக்குப் போகிற வண்டிகள் நெருக்கும் ஜிஎஸ்டி நெடுஞ்சாலைப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டேன்.

இத்தனை கணக்குப் போட்டவன் அம்மாவை மறந்துவிட்டேன். அங்கே சாயங்காலமானால் அயோத்தியா மண்டபத்தில் உபன்யாசம், திரும்பும்போது ஸ்டேஷன் ரோட்டில் காய், வழியில் நின்று பேச நாலு பேர், எல்லாம் நடையிலேயே. இங்கே நந்தீஸ்வரர் கோவிலுக்குக்கூட ஆட்டோ வேண்டும். போக மட்டும் நூறு ரூபாய் என்று கேட்டதும், சாமி இங்கேயும் இருக்கார் என்று பூஜை அலமாரிக்குத் திரும்பிவிடுவார். நான் ரயிலில் படுகிற பாட்டுக்காவது மாதம் மூவாயிரம் மிச்சமாகிறது, அம்மாவுக்கு என்ன மிச்சம்? குழந்தைகளும் வேலைக்குப் போகிறவர்களும் மட்டும் உள்ள வீடு என்றால் யோசிக்காமல் வரச்சொல்வேன். பெரியவர்கள் இருந்தால், வாடகை பேசுவதற்கு முன்னால் அவர்களைக் கூட்டிவந்து அந்தத் தெருவில் ஒரு சாயங்காலம் நடக்கவிட்டுப் பாருங்கள்.

போன மாதம் வீட்டு ஒப்பந்தம் புதுப்பிக்கிற நேரம், மாம்பலத்துக்கே திரும்பிடலாமா அம்மா என்று கேட்டேன். “அங்கே இப்போ தண்ணி வருதாடா?” என்றார். வருகிறதாம் என்றேன். அன்றைக்கே பழைய சிநேகிதிகள் நாலு பேருக்குப் போன் போட்டாயிற்று. அதே தெருவில் இப்போது ஒற்றைப் படுக்கையறைக்கு 22,000 கேட்கிறார்கள் என்பதை இன்னும் அவரிடம் சொல்லவில்லை.